காஸ் அடுப்பைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சமையல் எரிவாயுச் சிலிண்டரைப் பொருத்தித் தருவதற்குக் கடைக்காரரும், கொண்டுவந்து இறக்கும் பையனும், அவர்கள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கிறார்கள். வீடு மாறும்போதோ, புதிய அடுப்பு வாங்கும்போதோ, பல மாதங்களுக்கு வெளிநாடு செல்லும்போதோ அந்த அடுப்பைக் கழற்றி வைப்பது எப்படி என்று சொல்லித்தர மட்டும் ஒருவரும் இல்லை. கழற்றுவதில் என்ன இருக்கிறது, இழுத்தால் வந்துவிடும் என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகிறோம். நானும் சென்ற மாதம் வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை என் தங்கையின் வீட்டில் நேரிற் கண்டதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக அமைந்துவிட்டாலும் இதைப் பிரசுரிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கையின் குடும்பம் வெள்ளவத்தையில் உள்ள ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியிலிருந்து தெகிவளைக்குக் குடிமாறிய நாள் அது. பொருட்களை ஏற்ற வந்தவர்கள் நல்ல உழைப்பாளிகள். அலுமாரியையும் குளிர்சாதனப் பெட்டியையும் சுவரில் ஒரு கீறலும் படாமல் இறக்கினார்கள். சமையலறைக்குள் வந்த இளைஞர் ஒருவர், அடுப்பின் குமிழ்கள் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, அடுப்பை இரு கைகளாலும் தூக்கித் தம் பக்கம் இழுத்தார். இறப்பர் குழாய் அடுப்பின் முனையிலிருந்து கழன்று தரையில் விழுந்தது. அதைப் பிடித்திருந்தது கிளிப் அல்ல, யாரோ எப்போதோ சுற்றிவிட்ட கட்டுக்கம்பி. மறுமுனையில் ரெகுலேட்டர் திறந்தபடியே இருந்தது. சீறும் ஓசை கேட்டு நான் ஓடிச் சென்றபோது மணம் முழங்கால் உயரத்தில் நிரம்பியிருந்தது. அடுத்த அறையில், புறப்படும் நேரத்துக்காக ஏற்றிவைத்த சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கை விளக்கை அணைத்தாள். நான் ரெகுலேட்டரை மூடினேன். அந்த இளைஞர் மின்விசிறியின் ஆளியைப் போடப் போனார், அவருடைய கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. கதவுகளையும் யன்னல்களையும் திறந்துவிட்டு, எல்லோரும் படிக்கட்டு வழியே கீழே இறங்கி அரை மணி நேரம் வீதியில் நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த இளைஞர் மீது நான் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் தங்கை வாழ்ந்த பதினொரு ஆண்டுகளில், இரவிலோ பயணம் போகும்போதோ ஒரு நாளாவது ரெகுலேட்டரை மூடியதில்லை என்பதை அன்று வீதியில் நின்றபோதுதான் அவள் சொன்னாள். அடுப்பின் குமிழை மூடினால் போதும் என்றே அவள் நம்பியிருந்தாள். என் வீட்டிலும் அதே பழக்கம்தான் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுப்பின் குமிழை மூடும்போது வாயு குமிழோடு நின்றுவிடுகிறது. ஆனால் சிலிண்டரிலிருந்து அந்தக் குமிழ் வரையுள்ள குழாய் முழுவதிலும் அது நிறைந்திருக்கிறது. அந்நிலையில் குழாயைக் கழற்றுபவர், தம்மை அறியாமலே சிலிண்டரை வீட்டுக்குள் திறந்து விடுகிறார். ஆகவே கழற்றும் வேலை அடுப்பில் அன்றிச் சிலிண்டரில் தொடங்க வேண்டும். அடுப்பின் ஓர் எரிப்பானைப் பற்றவைத்து, அது எரிந்துகொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரை மூட வேண்டும். குழாயில் எஞ்சியிருக்கும் வாயு எரிந்து முடிய, சுடர் சிறுத்துச் சிறுத்துத் தானாக அணையும். அணைந்த பின்னரே அடுப்பின் குமிழையும் மூட வேண்டும். இரண்டு நிமிடம் ஆகியும் சுடர் அணையவில்லையானால் ரெகுலேட்டர் சரியாக மூடவில்லை என்று பொருள். அந்த நிலையில் அடுப்பின் குமிழை மூடிவிட்டு, வேறெதையும் கழற்றாமல், வாயுக் கம்பனியின் அவசரச் சேவையை அழைப்பதே தக்கது. இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை, கருவி எதுவும் வேண்டியதில்லை. இதை ஏன் ஒவ்வொரு சிலிண்டரின் மீதும் படமாக ஒட்டவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சுடர் அணைந்த பிறகு ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். நம் வீட்டுச் சிலிண்டர்களின் வால்வு தானாக மூடிக்கொள்ளும் வகையானது; ரெகுலேட்டரைப் பொருத்தும்போது அதன் நடுவிலுள்ள ஊசி வால்வை அழுத்தித் திறக்கிறது, எடுத்தவுடன் உள்ளே இருக்கும் சுருள்வில் வால்வை மேலே தள்ளி மூடுகிறது. ஆனால் தூசியோ, தேய்ந்த இறப்பர் வளையமோ அந்த மூடலைக் கெடுத்துவிடலாம். எனவே ரெகுலேட்டரை எடுத்தவுடன் வால்வின் வாயில் சவர்க்கார நீரைச் சில துளிகள் விட்டுப் பார்க்க வேண்டும். குமிழி எழாவிட்டால், சிலிண்டருடன் வந்த பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பொருத்திவிடலாம். குமிழி எழுந்தால் மூடியைப் பொருத்திய பின், அருகில் நெருப்போ மின் ஆளியோ இல்லாத திறந்த வெளிக்கு, சாய்க்காமல் நிமிர்த்தியபடி கொண்டுபோய், வடிகாலுக்கு எட்டத்தில் வைத்துவிட்டுக் கம்பனியை அழைக்க வேண்டும். அந்தச் சிறிய மூடியைச் சிலிண்டர் வந்த அன்றே குப்பைக் கூடையில் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தங்கையின் வீட்டில் அன்று மூடி இல்லை. நானும் என் வீட்டில் தேடிப் பார்த்தேன், இல்லை.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்போருக்காக இந்த வாயுவின் இயல்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் பயன்படுத்துவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ வாயு. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும் பியூட்டேன் ஏறத்தாழ இரண்டு மடங்கும் கனமானவை. ஆகையால் கசிந்த வாயு மேலெழுந்து யன்னல் வழியே போய்விடாது. தரையில் படிந்து, கதவிடுக்குகள் வழியாகவும் வடிகால் வழியாகவும் தண்ணீரைப் போல ஓடும். காற்றில் சுமார் 2 வீதம் கலந்தாலே அது தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடுகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் உள்ள ஒரு சிறிய சமையலறையின் கொள்ளளவு 15 கன மீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதில் 2 வீதம் 0.3 கன மீற்றர். ஒரு கிலோ திரவ வாயு ஏறத்தாழ அரைக் கன மீற்றர் வாயுவாக விரிகிறது. எனவே முக்கால் கிலோவுக்கும் குறைவான கசிவே அந்த அறை முழுவதற்கும் போதும். தரையோடு படிவதால் அதற்கும் குறைவான அளவே போதுமென்பதை விளக்கத் தேவையில்லை. நம் சிலிண்டரில் இருப்பதோ 12.5 கிலோ.

இங்கே ஒரு விடயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இப்போது பலரும் கைத்தொலைபேசியில் காணொளியைப் பார்த்தே இத்தகைய வேலைகளைச் செய்கிறார்கள். இலண்டனில் இருக்கும் உறவினர் அனுப்பிய ஒரு காணொளியைப் பார்த்துத்தான் என் மருமகனும் முதலில் அடுப்பைக் கழற்ற முற்பட்டார். அந்நாட்டில் வீடுகளுக்கு நிலத்தடிக் குழாய் வழியாக வருவது இயற்கை வாயு. அதில் பெரும்பங்கு மெதேன், அது காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே எழும். அங்கு பல வீடுகளில் அடுப்பின் குழாய் சுவரிலுள்ள பொருத்தியில் செருகித் திருப்பப்பட்டிருக்கும். கழற்றியவுடன் அந்தப் பொருத்தி தானே அடைபட்டுவிடும். அப்படியிருந்தும், பிரித்தானியாவில் வாயு வேலையைத் தொழிலாகச் செய்பவர் காஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெற்றவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்பதிவேடு 2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழில் கிடைக்கும் காணொளிகளோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, அந்தக் காணொளிகளில் சொல்லப்படும் 1906 என்ற அவசர இலக்கம் இந்தியாவுக்கு உரியது. கொழும்பில் தீ ஏற்பட்டாலோ, கட்டுப்படுத்த முடியாத கசிவு ஏற்பட்டாலோ அழைக்க வேண்டியது 110. இந்த மூன்று இலக்க எண்ணைக்கூட நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிவைக்காமல் இருக்கிறோம். அதை அழைப்பதாக இருந்தாலும் மணம் நிரம்பிய அறைக்குள் நின்று அழைக்கக் கூடாது. வெளியே வந்த பின்னரே கைத்தொலைபேசியைத் தொட வேண்டும்.

நம் நாட்டு மக்கள் எரிவாயுவின் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். 2021ஆம் ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் அடுத்தடுத்து நிகழ்ந்த அடுப்பு வெடிப்புகளை எவரும் மறந்திருக்க முடியாது. அவற்றை ஆராய்வதற்கு அப்போதைய ஜனாதிபதி மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். சிலிண்டர்களில் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை மாற்றப்பட்டதே பிரதான காரணம் என்று அக்குழு அறிவித்தது. புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். பழைய குழாயும் தளர்ந்த கிளிப்பும் தேய்ந்த வளையமும் அந்த அழுத்தத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற கவலை அப்போது எல்லா வீடுகளிலும் இருந்தது. வால்வைச் சவர்க்கார நீரால் சோதிக்கும் பழக்கம் அந்நாட்களில் கொட்டாஞ்சேனை முதல் கல்கிசை வரை பரவியது. சில மாதங்களில் அந்தப் பழக்கமும் மறைந்துபோனது.

அடுத்து வந்த 2022இல் வாயுவே கிடைக்காமல் போனதால் பலர் அடுப்பைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு மண்ணெண்ணெய்க்கும் விறகுக்கும் மின்சார அடுப்புக்கும் மாறினார்கள். அவசரத்தில் கழற்றப்பட்ட அந்த அடுப்புகளிற் பல, ரெகுலேட்டரும் குழாயும் சிலிண்டரிலேயே தொங்கிக்கொண்டிருக்க, அடுப்பு மட்டும் நீக்கப்பட்ட நிலையில் இருந்ததை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். இன்றும் சில வீடுகளில் அவ்வாறே இருக்கிறது. திறந்த முனையுடன் தொங்கும் குழாயைப் போல அபாயமான பொருள் சமையலறையில் வேறில்லை என்பேன். ஒரு குழந்தை விளையாட்டாக ரெகுலேட்டரின் குமிழைத் திருப்பினால், சாதாரண வீட்டு ரெகுலேட்டர் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வாயுவை வெளிவிடக் கூடியது. மேலே நான் கொடுத்த கணக்கின்படி அந்தச் சமையலறைக்கு ஒரு மணி நேரமும் தேவையில்லை. அடுப்பை எடுப்பதாயின் ரெகுலேட்டரையும் எடுத்தே ஆக வேண்டும்; இதில் விதிவிலக்கு இல்லை.

வாடகை வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் நம்மவரிற் பலர் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை குடிமாறுகிறவர்கள். சில வீடுகளில் சிலிண்டரைப் பல்கனியில் வைத்து, சுவரில் துளையிட்டு, அதன் வழியாக இறப்பர் குழாயைச் சமையலறைக்குள் கொண்டுவந்திருப்பார்கள். சிலிண்டர் வெளியில் இருப்பது நல்லதுதான். ஆனால் சுவருக்குள்ளும் அலுமாரிக்குப் பின்னாலும் மறைந்து செல்லும் குழாயை எலி கடித்திருந்தாலும், அதில் பிளவு விழுந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. போகிறவர் அடுப்பை எடுத்துக்கொண்டு குழாயை அப்படியே விட்டுப்போக, வருகிறவர் தம் அடுப்பை அதே குழாயில் மாட்டிக்கொள்கிறார். குழாயின் வயது இருவருக்கும் தெரியாது. இறப்பர் குழாயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்றுவது நன்று என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வீடு மாறும் நாளே புதிய குழாய் வாங்குவதற்கு உகந்த நாள். பழைய குழாய் முனையில் இறுகிக் கழலாவிட்டால் அதை நெருப்பில் காட்டி இளக்க முயல்வோர் உண்டு. கிளிப்பைத் திருப்புளியால் தளர்த்தி, குழாயை வெட்டி எறிந்துவிடுங்கள். எப்படியும் அதை மீண்டும் பொருத்தக் கூடாது.

புதிய உயர்மாடிகள் சிலவற்றில் சிலிண்டர்கள் கீழே ஒரே இடத்தில் வைக்கப்பட்டு, அங்கிருந்து உலோகக் குழாய் மூலம் ஒவ்வொரு வீட்டுக்கும் வாயு வருகிறது. அத்தகைய வீடுகளில் அடுப்பைத் தாமாகக் கழற்ற முற்படவே வேண்டாம். சுவரிலுள்ள வால்வை மூடினாலும், அடுப்பு நீங்கிய பிறகு அந்தக் குழாயின் வாய் உரிய அடைப்பால் இறுக மூடப்பட வேண்டும். அது பயிற்சி பெற்றவர் செய்து, கசிவு பார்த்துவிட்டுப் போக வேண்டிய வேலை. கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவிடம் முன்கூட்டியே அறிவித்தால் ஆளை அனுப்புவார்கள்.

சிலிண்டரைக் கொண்டுசெல்வதிலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. ஓட்டோவின் பின் இருக்கையின் கீழே சிலிண்டரைப் படுக்கவைத்துக் கொண்டுபோவதைத் தினமும் காலி வீதியில் காணலாம். நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரில் கீழே திரவமும் மேலே வாயுவும் இருக்கும்; வால்வின் வாயை எட்டுவது வாயு மட்டுமே. படுக்கவைத்தால் திரவமே வால்வை எட்டுகிறது. அங்கே சிறு கசிவு ஏற்பட்டாலும் வெளிவரும் ஒவ்வொரு துளித் திரவமும் ஏறத்தாழ 250 மடங்கு வாயுவாக விரியும். பூட்டிய காரின் பின்பெட்டிக்குள் வைப்பது அதனினும் கெடுதி. நிமிர்த்தி, அசையாதபடி கட்டி, காற்றோட்டமுள்ள வண்டியில், மூடி போட்ட நிலையில் கொண்டுசெல்ல வேண்டும். வண்டியில் எவரும் புகைக்கக் கூடாது. வாயு தீரும் தறுவாயில் சிலிண்டரைச் சரித்து வைத்துக் கடைசித் துளி வரை எடுக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும். 2022 ஏப்ரலில் ஒரு சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு விற்றபோது அப்படிச் செய்தவர்களின் மனவருத்தம் எனக்கும் தெரியும், நானும் அப்படிச் செய்தவளே.

புது வீட்டில் நாம் முதலில் செய்வது பால் காய்ச்சுவது. சுபநேரம் தவறிவிடுமே என்ற பதற்றத்தில், இறக்கிய கையோடு ரெகுலேட்டரை அழுத்தி, கிளிப்பை முறுக்கி, நெருப்புக்குச்சியைக் கிழித்துவிடுகிறோம். கசிவு பார்ப்பதற்கு அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வருவதில்லை. பொருத்திய ஒவ்வோர் இணைப்பிலும் சவர்க்கார நீர் தடவி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, குமிழி எழுகிறதா என்று பார்த்த பின்னரே பற்றவைக்க வேண்டும். தீக்குச்சியைக் காட்டிக் கசிவைத் தேடுவது தற்கொலைக்கு ஒப்பான செயல். முகூர்த்தம் அதிகாலையில் என்றால் அடுப்பை முதல் நாள் மாலையே கொண்டுபோய்ப் பொருத்திச் சோதித்து வைத்துவிடலாம். தங்கையின் புது வீட்டில் அன்று பால் காய்ச்சியது முன்றிலில் மூன்று கற்களை வைத்து, தென்னம்பாளையை எரித்து. அடுப்பைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

தங்கள் பத்திரிகையிடமும் எரிவாயுக் கம்பனிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுப்பைக் கழற்றும் ஒழுங்கைப் படங்களுடன் தெளிவான தமிழில் அரைப் பக்கமாக, வெட்டியெடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டக்கூடிய வகையில் பிரசுரியுங்கள். கம்பனிகள் அதே படத்தை மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு சிலிண்டருடனும் கொடுக்கலாம். வீடு மாற்றித் தரும் சேவைகளில் வேலை செய்வோருக்கும் இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர்களும் அந்தச் சமையலறைக்குள்தான் நிற்கிறார்கள். மணத்தை நம்பியிருக்கும் முதியோர் பலருக்கு மோப்பம் குறைந்திருக்கும் என்பதும் கருதத்தக்கது. வாயுவுக்கு இயற்கையாக மணம் இல்லை; கசிவை உணர்த்துவதற்காகவே மெர்கப்டன் என்ற பொருள் அதில் கலக்கப்படுகிறது. அந்த மணத்தை உணராதவர் தனியே வாழும் வீட்டில், அடுப்பைக் கழற்றும் நாளில் இன்னொருவர் உடனிருப்பது அவசியம்.

சிலிண்டர் மூடி இல்லாதவர்கள் அடுத்த சிலிண்டர் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டுப் பெறலாம். எங்கள் தெருமுனைக் கடைக்காரர், வெற்றுச் சிலிண்டர்களோடு திரும்பி வந்த மூடிகளை ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருந்தார். நான் கேட்டபோது நான்கைத் தந்தார்; ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தேன், இரண்டை எங்கள் மாடியில் உள்ள மற்ற வீடுகளுக்குக் கொடுத்தேன், மற்றதை ரெகுலேட்டரின் அருகிலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.